நன்னன் பாட்டைக் காத்தவர்கள்

திருவண்ணாமலையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை செங்கத்தை அடைகிறது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இவ்வூரைச் செங்கண்மா என வழங்குகிறது. சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தை அணைந்து ஓடும் செய்யாறு அப்பாட்டில் சேயாறு. போளூர், கலசபாக்கம் பக்கத்திலிருந்து பார்ப்பவர்க்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பருவதமலையே பாட்டில் வரும் நவிரமலை என்பது அறிஞர் பலரின் துணிபு. அம்மலைமேல் உறையும் காரியுண்டிக் கடவுளைப் பாட்டு போற்றுகிறது. நஞ்சுண்ட சிவபெருமானே அக்கடவுள் என்பர் உரையாளர். ஈராயிரம் ஆண்டுகளை எட்டும் பழமையுடைய செய்யுளொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது கூறும் ஆற்றையும் மலையையும் ஊரையும் ஒரே நாளில் கண்டு திரும்பும் வாய்ப்பு தமிழகத்தில் எல்லா மாவட்டத்தார்க்கும் கிட்டுவதன்று.

பாடியவர் இம்மண்ணின் மைந்தர் அல்லர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் அவர் பெயரிலுள்ள இரணிய முட்டம் பாண்டி நாட்டைச் சேர்ந்தது. பாடப்பட்டவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். 583 அடிகளில் ஒரு கூத்தர் குழு மற்றொரு கூத்தர் குழுவிற்கு வழி சொல்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று வழித்துணைபோல் உடன் நடந்து கூறும் பாட்டு அது. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் உருவகித்ததனால் பாட்டிற்கு இப்பெயர் அமைந்தது. அருவியின் ஒலி, முள்ளம்பன்றி தாக்கியதால் வீழ்ந்த கானவரின் அழுகை, புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறுமாறு கொடிச்சியர் பாடும் பாடல் என்று ஓசைகளை அடுக்கிச் செல்கிறார் கௌசிகனார். புண்ணுக்கு மருந்தாகப் பாட்டைக் கூறும் அவ்விடத்தைக் கவிஞராயினார் ஒருமுறையேனும் நின்று படித்தல் தகும்.

இத்தகைய பாட்டு இன்று அச்சில் கிடைக்கிறது; கல்லூரிகளில் பாடமாகவும் இருக்கிறது. ஆயினும் ஒரு காலத்தில் இப்பாட்டின்மீது கொலைப்பழி சுமத்தப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

கொலைப்பழி சுமந்த பாட்டு

செய்யுள் செய்வோர்க்குப் பிற்காலத்தார் வகுத்த குற்றங்களுள் ஆனந்தக் குற்றம் என்பதும் ஒன்று. பாட்டுடைத் தலைவனின் பெயர் அமங்கலமான சொல்லோடு சேர்ந்து வருமாயின் பாடியவனுக்கும் பாடப்பட்டவனுக்கும் தீங்கு நேரும் என்பது அதன் சாரம். மலைபடுகடாத்தில் செங்காந்தள் மலருக்குத் தீயை உவமை கூறும் இடம் ஒன்று உண்டு. ஆங்கு நன்னன் என்னும் பெயர் தீயோடு அடுத்து அமைந்துவிட்டது என்றும், அதனால் பாடினாரும் பாடப்பட்டாரும் இறந்தனர் என்றும் ஆளவந்த பிள்ளையாசிரியர் என்பார் குற்றம் கூறினார். ஒரு நல்ல பாட்டை ஓலையிலிருந்து நீக்குவதற்கு இதைவிட வலுவான காரணம் அக்காலத்தில் வேறு வேண்டியதில்லை. தம் வீட்டில் இறப்பை வரவழைக்கும் ஏட்டை யார் படியெடுப்பர்? படியெடுக்கப்படாத ஏடு இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் தானாக மடியும். அதனைக் கொளுத்த வேண்டியதும் இல்லை.

பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மதுரை நச்சினார்க்கினியர் இப்பழியை எதிர்கொண்டார். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி ஆகியவற்றுக்கு உரை கண்ட பேராசான் அவர். அவர் விடை சுருக்கமானது. ஆனால் அதன் உள்ளே ஒரு முழு நெறி அடங்கியுள்ளது. அப்படியொரு குற்றம் உளதாயின், அதனை அறியாமல் பாடிய கௌசிகனார் நல்லிசைப் புலவர் ஆகார், அங்ஙனமாயின் இச்செய்யுளைச் சங்கத்தார் ஏனைய பாட்டுகளோடு கோத்திருக்கவும் மாட்டார், நீக்கியிருப்பர். அவர்கள் நீக்காது கோத்தமையே இதில் குற்றம் இல்லை என்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். முந்தை நூல்களில் இல்லாத விதியைக் கொண்டு முந்தைப் பாட்டை அளத்தல் ஆகாது என்பதே இவ்வாதத்தின் உட்கிடை.

இன்றைய ஆய்வாளர்க்கு இந்த வாதத்தில் ஓர் ஓட்டை தெரியும். சங்கத்தார் கோத்தார்கள் என்பதே மரபுச் செய்தி. அதனைச் சான்றாகக் கொண்டு மற்றொன்றை நிறுவுவது வட்டத்தில் சுற்றிவருவதுபோல் ஆகும். ஆனால் நச்சினார்க்கினியரின் நோக்கம் அளவை நூல் எழுதுவதன்று. ஒரு பாட்டு எந்தக் காலத்தில் எந்த இலக்கணத்தின் நிழலில் பிறந்ததோ அந்தக் காலத்தைக் கொண்டே அதனைப் படிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நன்னன் பாட்டு பிழைத்ததில் அப்பிடிவாதத்திற்குப் பங்கு உண்டு.

அலெக்சாந்திரியாவின் ஓரக்கோடு

இதே வழக்கு வேறொரு கடற்கரையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் முன்பே நடந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தாலமி மன்னர்கள் கிரேக்க நூல்களையெல்லாம் திரட்டி ஒரு நூலகம் அமைத்தனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அதன் தலைவராக இருந்த செனோடோட்டஸ் ஹோமரின் காவியங்களை ஒழுங்கு செய்தார். ஊர்க்கு ஒரு பாடமாகவும் பாடகனுக்கு ஒரு பாடமாகவும் வழங்கிய இலியத்தை ஒப்பிட்டு, ஐயத்திற்குரிய அடிகளைக் குறித்தார். காவியத்தின் தொடக்கத்திலேயே, வீரரின் உடல்கள் நாய்க்கும் பறவைக்கும் இரையாயின என்று வரும் நான்காம் ஐந்தாம் அடிகளையும் அவர் ஐயுற்றார். மூன்றாம் காண்டத்தில் அப்ரோடைட் என்னும் தெய்வம் ஹெலனுக்கு இருக்கையை எடுத்துவந்து இடுகிறாள். தெய்வம் ஒரு மானிடப் பெண்ணுக்கு ஏவல் செய்வது தகுமா? தகாது என்பது செனோடோட்டஸின் முடிபு. ஆதலின் அவ்வடிகளும் ஐயத்திற்கு உள்ளாயின. ஆனந்தக் குற்றம் கூறியவரும் இவரும் ஒரே தவற்றைச் செய்தனர் எனலாம். தம் காலத்து மங்கலமும் தம் காலத்து மரியாதையும் பழம்புலவனையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று இருவரும் எண்ணினர்.

செனோடோட்டஸுக்கு ஒரு நூற்றாண்டிற்குப்பின் அதே நூலகத்தின் பொறுப்பேற்ற அரிஸ்டார்க்கஸ் கிரேக்கத்தின் நச்சினார்க்கினியர் எனத்தக்கவர். ஹோமரைக் கொண்டே ஹோமரை விளக்க வேண்டும் என்பது அவர் பெயரோடு சேர்த்து வழங்கும் நெறி. ஐயமான அடிக்கு நேரே ஏட்டின் ஓரத்தில் ஒரு சிறு கிடைக்கோடு இடும் வழக்கத்தைச் செனோடோட்டஸே தொடங்கியிருந்தார். ஓபெலோஸ் என்பது அதன் பெயர். அரிஸ்டார்க்கஸ் அதனோடு வேறு குறிகளையும் சேர்த்து ஒரு முறையாக வளர்த்தார். ஈண்டுக் கருதத்தக்கது அக்கோட்டின் பணிவு. அது அடியைக் குத்திக் கிழிப்பதன்று. அருகில் நின்று, 'இதில் எனக்கு ஐயம்' என்று மட்டும் சொல்வது. அடி தன் இடத்திலேயே இருக்கும். அரிஸ்டார்க்கஸ் கோடிட்ட அடிகளுள் பெரும்பாலானவை அவருடைய ஐயத்தையும் தாண்டி இன்றும் இலியத்தில் உள்ளன. செனோடோட்டஸ் ஐயுற்ற நாயும் பறவையும் இன்றைய எல்லாப் பதிப்புகளிலும் தொடக்கத்திலேயே நிற்கின்றன. ஐயத்தை ஓரத்தில் வைத்து அடியை நடுவில் விட்டமையால், பின்வந்தோர் தாமே தீர்ப்புக் கூற முடிந்தது.

சங்க இலக்கியத்தையும் கிரேக்க இலக்கியத்தையும் ஒப்பிடுவோர் வழக்கமாகப் பாடல்களையே ஒப்பிடுவர். ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் ஆய்ந்து 1968இல் தமிழ் வீரநிலைப் பாடல்கள் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இத்துறையில் முதல் நிலையது. ஹோமரின் பாடல்கள் வாய்மொழியாகப் புனையப்பட்டவை என்று மில்மன் பாரி காட்டிய நெறியைக் கொண்டு, பாணர் மரபின் சுவடுகளைச் சங்கப் பாடல்களில் அவர் தேடினார். ஆற்றுப்படைகளைப் படிப்போர் அம்முயற்சிக்கு நன்றி பாராட்டாமல் இருக்க இயலாது. எனினும் மலைபடுகடாம் போன்றதொரு பாட்டைப் பாணன் பாடியதாகக் கொள்வதில் இடர் உண்டு. இது கூத்தன் கூற்றாகப் புலவன் புனைந்த பாட்டு. அடியும் தொடையும் திணையும் துறையும் அறிந்த ஒருவர் ஒரு கூத்தனின் குரலை மேற்கொள்கிறார். பாணரின் ஓசை அதில் கேட்கிறது என்பது உண்மை. பாணரே இயற்றினார் என்பது வேறு. இருமொழிகளும் மெய்யாகவே ஒன்றுபடும் இடம் பாடல் அன்று, பாடலைப் படித்தவர்களின் வரிசை என்று தோன்றுகிறது. இலியத்துக்கு வாய்த்ததுபோல் உரை, உரைக்கு மறுப்பு, மறுப்புக்கு விடை என்று நூற்றாண்டுக்கணக்கில் நீண்ட படிப்பு மரபு உலகில் மிகச் சில நூல்களுக்கே வாய்த்தது. அவற்றுள் பத்துப்பாட்டும் ஒன்று.

உரைகாரரைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. பாட்டைக் குற்றத்திலிருந்து காத்த நச்சினார்க்கினியரே, பொருள் கொள்ளும்போது தொலைவில் கிடக்கும் சொற்களைப் பறித்து வந்து ஒட்டுவார். 'மாட்டு' என்று அதற்கு இலக்கணமும் காட்டுவார். 1903இல் முல்லைப்பாட்டிற்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் இப்போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். புலவன் வைத்த வரிசையிலேயே பாட்டின் உயிர் உள்ளது என்பது அடிகள் கொள்கை. அவர் சொன்னது சரி. இங்கிலாந்திலும் இப்படியொரு கதை உண்டு. கிரேக்க, இலத்தீன் நூல்களைத் திருத்துவதில் இணையற்றவராக விளங்கிய ரிச்சர்டு பென்ட்லி 1732இல் மில்டனின் துறக்க நீக்கத்தையும் அவ்வாறே 'திருத்தி' வெளியிட்டு நகைப்பிற்கு இடமானார். கற்றவர் கை பாட்டின்மேல் படும்போது எவ்வளவு தொட வேண்டும் என்பது எந்நாட்டிலும் எளிய வினா அன்று.

தீயும் கறையானும்

உரைகாரருக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகள் இருண்டவை. கிரேக்க நாடக ஆசிரியர் சோபக்ளீஸ் நூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுமையாக எஞ்சியவை ஏழு. ஈஸ்கிலஸின் பெயரால் எஞ்சியவையும் ஏழே. நம்மிடத்தில் வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாக மட்டும் கிடைக்கின்றன. செங்கத்திற்கு மேற்கே உள்ள தகடூரை முற்றிய போரைப் பாடிய தகடூர் யாத்திரை இன்னும் நெருக்கமான இழப்பு. உரைகாரர் காட்டிய மேற்கோள்களாலும், எஸ். வையாபுரிப் பிள்ளை 1938இல் பதிப்பித்த புறத்திரட்டு என்னும் தொகை நூலாலும் அதன் சில பாடல்கள் எஞ்சின. முழு நூல் போயிற்று. யாரோ ஒருவர் தம் உரைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டமையால் பிழைத்த பாடல்கள் அவை. கிரேக்கப் பெண்பாற் புலவர் சாப்போவின் பாடல்களிலும் பல இவ்வாறே, இலக்கண நூலார் காட்டிய மேற்கோளாக மட்டும் நெடுங்காலம் வாழ்ந்தன.

அலெக்சாந்திரிய நூலகம் எரிந்த கதையை உலகம் மறக்கவில்லை. தமிழ் ஏடுகளை எரித்த தீ பகைவர் இட்டதன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உள்ளன எனக் கேட்டு உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்ற விதிப்படி அவை முன்பே ஆகுதியாகிவிட்டன என்பதே அவருக்குக் கிடைத்த விடை. பக்தியோடு எரித்தவரைப் பழிப்பதற்கும் நாவெழாது. அந்நிகழ்ச்சியை அவர் தம் வரலாற்றில் எழுதிய பக்கம் தமிழர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது.

காத்தவர்களும் சமயம் சார்ந்த இடங்களிலேயே இருந்தனர் என்பது மறுபக்கம். 1453இல் துருக்கியரிடம் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தபின், கிரேக்கரான கர்தினால் பெசாரியன் தம் மொழி நூல்கள் அழிந்துபோகும் என அஞ்சி ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். 1468இல் அவற்றை வெனிசு நகருக்கு வழங்கினார். அத்தொகுதியில் இருந்த பத்தாம் நூற்றாண்டு இலியத் ஏடொன்றின் ஓரங்களில் அரிஸ்டார்க்கஸின் குறிகளும் பழைய உரைக்குறிப்புகளும் நிறைந்திருந்தன. பிரெஞ்சு அறிஞர் வில்லுவாசோன் அதனை 1788இல் அச்சிட்டபோதுதான் அலெக்சாந்திரியாவின் ஐயங்களை ஐரோப்பா முழுமையாக அறிந்தது. ஏழாண்டுகளில், 1795இல், வொல்ஃப் என்னும் செருமானியப் பேராசிரியர் ஹோமர் என ஒருவர் எழுதியதா இக்காவியம் என்ற வினாவை எழுப்பினார். அவ்வினா இன்றும் அடங்கவில்லை. பெசாரியன் செய்த பணியைத் தமிழகத்தில் திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய மடங்களும், ஊர்தோறும் கவிராயர் வீடுகளும் செய்தன. சைவ மடங்கள் சமண, பௌத்த நூல்களையும் போற்றி வைத்திருந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிலவொளியில் ஓர் ஏடு

சாமிநாதையர் 1880இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், சிந்தாமணி 1887இல் வெளிவந்ததும் பலரும் அறிந்த வரலாறு. பத்துப்பாட்டைத் தேடிய கதை அத்துணை பரவவில்லை. கிடைத்த ஏடுகளில் பாட்டும் உரையும் கலந்து கிடந்தன. எது புலவர் வாக்கு, எது உரைகாரர் வாக்கு என்று பிரிப்பதே பெரும்பாடாயிற்று. மூலம் தேடி அவர் தென்பாண்டி நாடு சென்றார். ஆழ்வார்திருநகரி இலக்குமண கவிராயர் வீட்டில் ஏடுகள் அடுக்கடுக்காக இருந்தன. நாள்கணக்கில் பிரித்துப் பார்த்தும் பத்துப்பாட்டு மட்டும் அகப்படவில்லை. பின்னர் உறவினர் வீடொன்றிலிருந்து வந்த ஏட்டை, ஊரில் திருவிழா நடந்துகொண்டிருந்த இரவில், நிலவொளியில் பிரித்தார். முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணிற் பட்டது. அந்த ஏடு வந்தபின்பே பத்துப்பாட்டின் மூலம் தெளிவுற்றது. 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டு அச்சேறியது. சரியாக நூறாண்டு கழித்து, 1989இல், நன்னனின் செங்கத்தைத் தன்னகத்தே கொண்ட திருவண்ணாமலை மாவட்டம் தனியாகப் பிரிந்தது. தற்செயலாயினும் இனிய பொருத்தம் இது.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கொய்து குவிக்கும் மலர்களின் நீண்ட அடுக்கைக் கவிஞர் யாவரும் அறிவர். அவ்விடத்தில் சாமிநாதையரிடம் இருந்த ஏடுகளில் சில பெயர்கள் இல்லை. ஏடு சிதைந்ததால் மலர்கள் உதிர்ந்துபோயின. அவரைப்போல் பழகிய கைக்கு, காலத்திற்கும் ஓசைக்கும் பொருந்திய மலர்ப் பெயர்கள் நான்கைந்தைப் பெய்து இடத்தை நிரப்புவது அரிதன்று. யாரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். அவர் நிரப்பவில்லை. விட்ட இடத்தை விட்ட இடமாகவே வைத்துக்கொண்டு மேலும் தேடினார். தருமபுர மடத்து ஏடொன்றில் உதிர்ந்த மலர்கள் கிடைத்தன. அரிஸ்டார்க்கஸின் ஓரக்கோட்டிற்கும் இந்த வெற்றிடத்திற்கும் உறவு உண்டு. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமையே இரண்டிற்கும் பொது.

அவர் தனியராக இப்பணி செய்தார் எனல் பிழை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி.வை. தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளின் அவலத்தை அவர்தம் பதிப்புரைகளில் படிப்போர் கண்கலங்குவர். அவர்க்கு முன் ஆறுமுக நாவலர் திருமுருகாற்றுப்படையை அச்சிட்டு வழி திறந்தார். திருவண்ணாமலையார் மறக்கலாகாத பெயர் மற்றொன்று உண்டு. அருணகிரிநாதர் பதினாறாயிரம் திருப்புகழ் பாடினார் என்பது மரபு. அவற்றைப் பாடுவோரும் குறைந்து ஏடுகளும் சிதறியிருந்த காலத்தில், மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் பணியாற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளை, தில்லை தீட்சிதர்கள் 1871இல் ஒரு வழக்கில் சான்றாகக் காட்டிய திருப்புகழ் அடிகளைக் கேட்டு உருகினார். பின்னர் ஊர் ஊராகத் திரிந்து ஏடு தேடி அச்சிட்டார். இன்று கிடைக்கும் பாடல்கள் ஆயிரத்து முந்நூற்றை ஒட்டியவை. கிளி கோபுரத்தின் அருகே நின்று திருப்புகழ் ஓதும் அன்பர்க்கு அப்பாட்டு ஒரு நீதிமன்ற அலுவலரின் அலைச்சலால் கிடைத்தது என்ற நினைவு வருவது அரிது.

இதே ஆண்டுகளில் கிரேக்க உலகிலும் தேடல் நடந்தது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்னும் பாழூரின் குப்பைமேடுகளை 1896ஆம் ஆண்டின் இறுதியில் கிரென்ஃபெல், ஹண்ட் என்னும் இரு இளைஞர் தோண்டத் தொடங்கினர். பழங்காலத்தார் எறிந்த நாணற்புல் தாள்கள் கூடை கூடையாக வெளிப்பட்டன. அவற்றின் முதல் தொகுதி 1898இல் வெளிவந்தது. சாப்போவின் இழந்த பாடலொன்றின் பகுதியும் அதில் இருந்தது. அதே 1898இல் சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாத இவர்கள், ஒருபால் மணலிலும் மறுபால் பரணிலும், அழிவுக்கு ஒரு தலைமுறைதான் முந்திக்கொண்டனர். வேறுபாடு ஒன்று: ஆக்சிரிங்கஸுக்குப் பின்னால் ஓர் ஆய்வுக் கழகமும் அதன் நிதியும் இருந்தன. கும்பகோணத்துக் கல்லூரி ஆசிரியர்க்குப் பின்னால் கையொப்பமிட்டு முன்பணம் தந்த சில அன்பர்களும் கடனும் இருந்தன.

பெயர் பொறித்த கற்கள்

மலைபடுகடாத்தின் வழிநெடுகிலும் கற்கள் நிற்கின்றன. பொருது மாய்ந்த வீரர்க்கு, அழியாப் புகழுடைய பெயரோடு நடப்பட்ட கற்கள் கவர்த்த வழிகளில் மிகப் பல என்று கூத்தன் கூறுகிறான். அவற்றைக் கண்டால் யாழிசைத்துச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறான். இது புலவர் கற்பனை என்று எண்ணியிருந்தோர்க்குத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை விடை தந்தது. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் என்னும் நூல், இவ்வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நின்ற வட்டெழுத்து நடுகற்களைப் படித்து வெளியிட்டது. சிங்கவிண்ண பருமர், மயேந்திர பருமர் என்று பல்லவ மன்னர் ஆட்சியாண்டு குறித்த கற்கள் அவற்றுள் உள. இவை நன்னன் காலத்தன அல்ல. சில நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆயினும் கௌசிகனார் கண்ட வழக்கம் அம்மண்ணில் அறாது தொடர்ந்தது என்பதற்கு இவற்றினும் நேரிய சான்று வேண்டா.

தெற்கே திருக்கோவலூரில், முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. புறநானூறு அச்சேறுவதற்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஏட்டில் மட்டுமன்றிக் கோயிற் கல்லிலும் கபிலரை நினைவில் வைத்த மக்கள் இப்பகுதியில் இருந்தனர்.

செங்கத்துக் கற்களைக் காத்தவர் படித்தவர் அல்லர். வட்டெழுத்து மறைந்தபின் கல்லில் என்ன எழுதியுள்ளது என்று அறிந்தார் எவரும் ஊரில் இல்லை. வில்லேந்திய உருவத்தை வேடியப்பன் என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் பொங்கலிட்டு வழிபட்டனர். படிக்கத் தெரியாத கைகள் எழுத்தை அழிக்காமல் வைத்திருந்தன. படிக்கத் தெரிந்தவர் வந்தபோது எழுத்து இருந்தது. தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் உள்ள கல் மயேந்திர பருமரின் முப்பத்து நான்காம் ஆண்டிற்கு உரியது. தொறுப் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்து கூறுகிறது.